மேல வீதிக்குப் பதினஞ்சு பேர்

டிசம்பர் 16, திங்கள்

மார்கழி ஒண்ணு. வெடியால அஞ்சு மணிக்குப் பிள்ளையார் கோயிலுக்குப் போனா, நம்ம மேல வீதி ஆளுக ஏழே பேர். அதுல மூணு பேர் முட்டி ஆபரேசன் பண்ணுனவங்க. கீழ வீதிக்காரனுக வரிசையோ கோயிலை ஒரு சுத்து சுத்தி மறுபடியும் கோயில் வாசல்லயே வந்து நிக்குது. பொங்கல் அண்டா என்கிட்ட வர்றப்ப அதுல கரண்டி மட்டும் இருந்துச்சு.

இந்த டைரி கம்பிக் கம்பெனிக்காரன் ஜனவரியில குடுத்தது. பதினோரு மாசமா என்ற சிமெண்ட் கடைக் கல்லாவுக்குக் கீழ சும்மா கெடந்துச்சு. இன்னிக்கு எடுத்து எழுத வெச்சவன் நாச்சிமுத்து. விசைத்தறி ஓட்டறான், கீழ வீதித் தலைவரு, எனக்குப் பங்காளி, ஒண்ணாங்கிளாஸ்ல இருந்து எதிரி.

"ஏப்பா சென்னியப்பா, தை மூணாந்தேதி கயித்துக்கு உங்க வீதியில பதினஞ்சு பேர் தேறுமா? இல்ல, ஆஸ்பத்திரியில இருந்து ஆம்புலன்ஸ் வெச்சுக் கூட்டியாறதா?" சுத்தி நின்னவனெல்லாம் சிரிச்சான்.

பின்னால யாராச்சும் இதைப் படிச்சா வெளங்கணும்னு எழுதறேன். எங்கூர்ல காணும் பொங்கல் அன்னிக்கு மேல வீதிக்கும் கீழ வீதிக்கும் கயிறு இழுக்கற போட்டி. வீதிக்குப் பதினஞ்சு ஆம்பளை, பதினெட்டு வயசு முடிஞ்சிருக்கணும். தோத்தா ஒண்ணும் கெட்டுப் போகாது. ஆனா பதினஞ்சு பேர் தேறாத வீதிக்கு அடுத்த வருசத்துல இருந்து தனிப் பொங்கல் கெடையாது. அந்த வீதிக்காரங்க அரிசியைக் கொண்டு போய் அடுத்த வீதிப் பானையில போடணும். நான் போய் நாச்சிமுத்து அடுப்புல அரிசி போடறதா? வெளங்குன மாதிரிதான்!

ஊட்டுக்கு வந்ததும் எண்ணுனேன். மேல வீதியில வீடு முப்பத்தொண்ணு. அதுல பூட்டிக் கெடக்கறது ஒம்பது. ஏசி நாப்பத்தாறு. கயிறு புடிக்கற வயசுல ஆம்பளைங்க என்னையும் சேத்துப் பதிமூணு. கனடாவுல இருந்து என்ற பையன் கவின் வந்தா பதினாலு. கவின் வருவான்.

டிசம்பர் 18, புதன்

என்ற ஊட்டுக்காரி கலாமணியோட தம்பி தெய்வசிகாமணி வந்தான். இதே வீதியில நாலாவது வீடு. செல்போன் கடை வெச்சிருக்கான். கடையில ஆள் இல்லாத நேரத்துல, அதாவது நாள் முழுக்க, யூடியூப்ல வல்லரசுச் சண்டை பாப்பான். சொந்தமா ஒரு சேனல் வேற. பாக்கறவங்க இருநூத்திப் பன்னெண்டு பேர், அதுல நாலு பேர் எங்க ஊட்டுலயே இருக்கற நாலு போன்.

"மாமா, வல்லரசுங்கறது ரெண்டே கணக்குங். தலை எத்தனை, தலைக்கு சம்பாத்தியம் எத்தனை. ரெண்டையும் பெருக்குனா அதுதான் பலம். சீனாக்காரன் மொதல்ல தலையில பெருத்தான், அப்புறம் பணத்துல பெருத்தான், இப்ப அங்க பொறக்கறது கொறைஞ்சு போச்சு. தலைக்கணக்குல நாம முந்திட்டோம். அமெரிக்காக்காரன் மட்டும் வெவரம். பெத்துக்கறது கொறைஞ்சாலும் வெளியூர் ஆளை உள்ள விட்டு எண்ணிக்கையைத் தூக்கி நிறுத்திக்கிட்டான்."

"செரி, நாம யாருடா மாப்ளே?"

"மேல வீதி ஜப்பானுங் மாமா. பணம் இருக்குது, பல்லு இல்ல."

"கீழ வீதி?"

"இந்தியாங்."

எனக்குச் சுருக்குன்னு ஆயிருச்சு. பள்ளிக்கூடத்துல வருசா வருசம் கொடியேத்தி முட்டாய் குடுக்கறவன் நானு. என்னைப் போய் ஜப்பாங்கறான். நாச்சிமுத்து இந்தியாவாம்!

டிசம்பர் 22, ஞாயிறு

மேல வீதிக் கூட்டம், நம்ம ஊட்டு மாடியில. வந்தவங்க பதினெட்டு. மாடிப்படி ஏற முடியாம கீழயே உக்காந்து கேட்டவங்க அஞ்சு.

மக்கள்தொகைக் கொள்கை ஒண்ணு வேணும்னு மாப்ளே சொன்னான். எனக்கும் நல்ல யோசனையாத்தான் பட்டுது. எந்திரிச்சு நின்னு, "இனிமே மேல வீதியில ரெண்டாவது கொழந்தை பெத்துக்கறவங்களுக்கு நம்ம கடையில இருந்து பத்து மூட்டை சிமெண்ட் இனாம்"னு அறிவிச்சேன்.

கை தட்டுவாங்கன்னு பாத்தேன். போன வைகாசியில கல்யாணம் ஆன அந்தக் கடைசி வீட்டு மருமகப் பொண்ணு தாரணி எந்திரிச்சு, "அங்கிள், கொழந்தை பெத்துக்கணுமா, இல்ல சிமெண்ட்டுல கட்டணுமா?"ன்னு கேட்டுச்சு. பொம்பளைங்க சிரிச்ச சிரிப்பு கீழ வீதிக்கே கேட்டிருக்கும்.

அப்புறந்தான் மாப்ளே காதோரமா வந்து, இன்னிக்கே பெத்தாலும் பதினெட்டு முடிய பதினெட்டு வருசம் ஆகும்னு சொல்றான். இதை முன்னாடியே சொல்லித் தொலைச்சா என்ன?

கலாமணி பொழுது சாயற வரைக்கும் என்கிட்டப் பேசல.

டிசம்பர் 27, வெள்ளி

கலாமணி திருப்பூர் போய் ரெண்டு ஸ்வெட்டர், காது மூடற குல்லா, கம்பளிச் சாக்ஸ் எல்லாம் வாங்கியாந்திருக்கா. இந்த வருசம் மார்கழிக் குளிர் அவளுக்கு ஒத்துக்கலையாட்ட இருக்குது. வயசாவுதல்ல. அப்படியே ஸ்டுடியோவுல போட்டோவும் புடிச்சுட்டு வந்திருக்கா, வெள்ளைச் சீலை பின்னாடி வெச்சு. எதுக்குன்னு கேட்டேன். சும்மாதானுங்கன்னா. இந்த வயசுலயும் ஆசை பாரு!

பருப்புப்பொடி, மொளகாப்பொடி, கொள்ளுப்பொடின்னு அரைச்சு அரைச்சு டப்பாவுல அடைக்கறா. கவின் வர்றான்னு இப்பவே ஆரம்பிச்சுட்டா. பெத்தவ மனசு.

ஜனவரி 1, புதன்

பழைய டைரியில பாதிக்கு மேல வெள்ளையாக் கெடக்குது, தேதியை அடிச்சுட்டு இதுலயே எழுதறேன்.

கவின் கூப்புட்டான். "பொங்கலுக்கு டிக்கட் போட்டாச்சா சாமி?"ன்னு கேட்டேன். "பாக்கறேன்ப்பா, அம்மாகிட்ட குடுங்க"ன்னான். கலாமணி போனை எடுத்துட்டுப் பின்கட்டுக்குப் போய் முக்கா மணி நேரம் பேசுனா. லீவு கெடைக்கறது செரமமாட்ட இருக்குது, அவதான் தைரியம் சொல்லியிருப்பா.

பதினாலாவது எடத்துல அவன் பேரை மையில எழுதிட்டேன்.

ஜனவரி 3, வெள்ளி

பதினஞ்சாவது ஆளுக்கு மாப்ளே வழி சொல்லிட்டான். "அமெரிக்கா வழிங் மாமா. ஆள் பத்தலீன்னா வெளிய இருந்து எடுத்துக்கணும். நம்ம லைன் வீட்டுல ஒம்பது ஒடியாக்காரனுக இருக்கறானுகல்ல?"

அட, ஆமா! என்ற வீட்டுக்குப் பின்னாலயே, என்ற எடத்துல, நான் கட்டுன லைன் வீடு. வரிசையா பத்து ரூம், ஒரே வாசல். எட்டு வருசமா வாடகை போன்லயே வந்துருது, நான் அந்தப் பக்கம் எட்டிப் பாத்ததுகூட இல்ல. என்ற கொல்லைச் செவுத்துக்கு அந்தாண்டதான், ஆனா போறதுக்குக் கீழ வீதியைச் சுத்திக்கிட்டு முக்கா மைல் நடக்கணும். நாச்சிமுத்து தறிக்கூடத்து வாசல்ல நின்னு பாத்தான். "என்ன, பங்காளி இந்தப் பக்கம்?" நான் காதுல விழாத மாதிரி நடந்துட்டேன்.

அங்க மூத்தவன் தனேஸ்வர். ஒரிசாவுல கஞ்சம் ஜில்லாக்காரன். ஊருக்கு வந்து பத்து வருசம் ஆச்சுது. பொண்டாட்டி மமதா, பொண்ணு இங்க கவர்மெண்டு பள்ளிக்கூடத்துல மூணாவது. அவன் பேசறதைக் கேட்டா எனக்கே கூச்சமாப் போச்சு, என்னைவிட நல்லாக் கொங்குத் தமிழ் பேசறான்.

"ஏனுங்ணா, நீங்களா? வாங்கோ, உக்காருங்கோ. எட்டு வருசத்துல இப்பத்தானுங் வர்றீங்க."

விசயத்தைச் சொன்னேன். கறிவிருந்து, ஆளுக்கு ஒரு பனியன், ரெண்டு வேட்டி. அவன் யோசிச்சான்.

"கயிறு இழுக்கறமுங். அதுக்கு வேட்டி வேண்டாமுங்ணா. ஒரு கதவு வெச்சுக் குடுங்கோ. உங்க கொல்லைச் செவுத்துல ஒரு கதவு இருந்தா, பக்கத்துச் சந்து வழியா மேல வீதிக் குழாய்க்கு இருவது தப்படிங். இப்ப பொம்பளைங்க கொடத்தைத் தூக்கிக்கிட்டு முக்கா மைல் சுத்தறாங்க. பாப்பா பள்ளிக்கூடம் போறதும் அப்படித்தானுங்."

கதவா? என்ற சமையக்கட்டு ஜன்னலோரமா ஒம்பது பேரும் பொண்டு புள்ளைகளும் போக வர இருக்கறதா? அதெல்லாம் ஆகாதுப்பா, வாஸ்து இடிக்கும்னு சொல்லிட்டு வந்துட்டேன். வேட்டியோட ஒரு துண்டும் சேத்துத் தர்றேன்னு சொல்லியிருக்கேன்.

ஜனவரி 5, ஞாயிறு

நாச்சிமுத்துவுக்கு வெசயம் தெரிஞ்சு போச்சு. லைன் வீட்டுக்குப் பத்துக் கிலோ ஆட்டுக்கறி அனுப்பியிருக்கான். நான் சாயங்காலமே பன்னெண்டு கிலோ அனுப்புனேன். ராத்திரி அவன் ஒரு கலர் டிவி அனுப்பிட்டான்.

மாப்ளே குதிக்கறான். "மாமா, இதுக்குப் பேர்தான் பனிப்போர். ரெண்டு வல்லரசும் நடுவுல இருக்கற நாட்டை இழுக்குது!" நடுவுல இருக்கற நாட்டுல இன்னிக்கு ரெண்டு நேரமும் கறிச்சோறு. தனேஸ்வர் போன் பண்ணி, "அண்ணா, நாளைக்கும் அனுப்பறதா இருந்தா மீனாக் குடுங்கோ, கொழந்தைகளுக்கு வவுறு ஒத்துக்கல"ங்கறான்.

ஜனவரி 7, செவ்வாய்

குடோன்ல பயிற்சி. கயித்தைச் சிமெண்ட் லாரியில கட்டி இழுத்தோம். லாரி நகரவே இல்ல. ஹேண்ட் பிரேக் போட்டிருந்துச்சுன்னு அப்புறந்தான் தெரிஞ்சுது.

கடைசி ஆளு நானு. கயித்தை இடுப்புல சுத்திக்கிட்டு நங்கூரமாட்ட நிக்கற எடம். இருபத்திரண்டு வருசமா என்ற எடம். இடுப்புல கொஞ்சம் காத்து புடிச்சிருக்குது, வேற ஒண்ணுமில்ல.

ஜனவரி 8, புதன்

செருப்பைக் கலாமணி போட்டு விட்டா. காத்துதான்.

ஜனவரி 9, வியாழன்

எங்கிருந்து எழுதறதுன்னே தெரியல. மானம் போச்சு.

கோயில் மைதானத்துல ரெண்டு வீதியும் ஆள் பட்டியல் குடுக்கற நாளு. நான் பதிமூணு பேர், கவின், தனேஸ்வர் பேரெல்லாம் சேத்துப் படிச்சேன். உபரிக்கு இன்னும் எட்டு ஒடியாப் பேரு. கீழ வீதிக்காரனுக வாயைப் பொளந்துட்டானுக. நாச்சிமுத்து மட்டும் சிரிச்சுக்கிட்டே, "பூசாரி, அந்த விதி நோட்டை எடுங்க"ன்னான்.

பதினோரு வருசத்துக்கு முன்னால இதே நாச்சிமுத்து பல்லடம் சந்தையில இருந்து மூட்டை தூக்கற ஆறு பேரைக் கூட்டியாந்து கயித்துல நிக்க வெச்சான். அதைத் தடுக்கறதுக்குன்னே ஒரு விதி எழுதுனோம். பூசாரி சத்தமாப் படிச்சாரு: "போகியன்று மாலை ஒருவர் எந்த வாசலில் காப்புக் கட்டுகிறாரோ, அந்த வாசல் எந்த வீதியில் திறக்கிறதோ, அவர் அந்த வீதிக்காரர்."

வேப்பிலையும் ஆவாரம்பூவும் பூளைப்பூவும் சேத்து வாசல்ல சொருகற காப்பு. அதை வெச்சா ஏமாத்த முடியாதுன்னு நெனச்சு எழுதுன விதி. எழுதுனது நானு. கீழ கையெழுத்தும் என்றதுதான். வளைச்சு வளைச்சு அழகா வேற போட்டிருக்கேன்.

"லைன் வீட்டு வாசல் எங்க தொறக்குதுங்க பங்காளி?"ன்னு நாச்சிமுத்து கேட்டான்.

கீழ வீதியில தொறக்குது.

மைதானமே சிரிச்சுது. எனக்கு மனசுல ஒரு ஓரமா லைன் வீடு கட்டுன மேஸ்திரி குரல் கேட்டுது. எட்டு வருசத்துக்கு முன்னால அவன் கேட்டான், "வாசலை உங்க சந்துப் பக்கம் வெச்சுரலாமுங்களா, அதுதான் கிட்டக்கங்"னு. நாந்தான், "வேண்டாம்ப்பா, வடக்கத்திக்காரனுக நம்ம வாசல் வழியாப் போக வர இருந்தா நல்லாவா இருக்கும், திருப்பிக் கீழ வீதிப் பக்கமா வெச்சுரு"ன்னு சொன்னேன். வாஸ்துவும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. அந்த ஜனங்களை முக்கா மைல் சுத்த விட்டவன் நானு. எட்டு வருசமா. இன்னிக்குத்தான் வெக்கமா இருந்துச்சு. அதுவும் எதிராளி முன்னால.

"தப்பா நெனச்சுக்காதீங்க, உங்க எடத்துல உங்க காசுல எங்க வீதிக்கு ஒம்பது ஆளு கட்டிக் குடுத்திருக்கீங்க"ன்னு நாச்சிமுத்து கும்புடு போட்டான். மாப்ளே இதையும் போன்ல வீடியோ எடுத்துட்டிருந்தான். புடுங்கி வேட்டிக்குள்ள சொருகிட்டேன்.

ஜனவரி 10, வெள்ளி

"செவுத்தை இடிங்க"ன்னா கலாமணி.

முடியாதுன்னேன். நான் சம்பாரிச்சுக் கட்டுன செவுருன்னேன். கவின் வந்தா பதினாலு, இன்னும் ஒரு ஆளு எங்கயாச்சும் கெடைப்பான்னேன்.

அவ தோசைக்கரண்டியைக் கீழ வெச்சா. "கவின் வரலீங்க."

"லீவு கேட்டிருக்கான்..."

"கேக்கவே இல்லீங்க. மருமவளுக்கு மாசி மாசம் பிரசவம். தை கடைசியில, பிப்ரவரி ஒம்பதாந்தேதி நான் போறேன், ஆறு மாசம். விசா வந்துருச்சு. உங்ககிட்டச் சொன்னா பொங்கல் வரைக்கும் ஊட்டையே தலைகீழாக் கவுத்துருவீங்கன்னுதான் சொல்லல."

ஸ்வெட்டர். குல்லா. வெள்ளைச் சீலை போட்டோ. பொடி டப்பா. எனக்குக் கண்ணு இருக்கறது எதுக்குன்னே தெரியல.

பேரனோ பேத்தியோ வரப்போகுது. சந்தோசப்படணும்னு தெரியுது. சந்தோசமாத்தான் இருந்துச்சு, ஒரு நிமிசம். அதுக்கப்புறம் எண்ணிப் பாத்தேன். ஆறு மாசமா எல்லார்த்துக்கும் தெரிஞ்சிருக்குது. தெய்வசிகாமணிக்குக்கூடத் தெரியுமாம். அந்நேரம் உள்ள வந்தவனைக் கேட்டா, "மாமா, அந்தக் கொழந்தை கனடாக் கணக்குல சேந்துருமுங், நம்ம வீதிக்கு ஒதவாது, அதான் சொல்லல"ங்கறான். கரண்டியை எடுத்து அவன் மேல வீசுனேன். குறி தப்பிருச்சு.

"நீயும் போயிட்டா இந்த ஊட்டுல நான் என்ன பண்றது?"ன்னு கலாமணிகிட்டக் கேட்டேன்.

"அதுக்குத்தானுங்க செவுத்தை இடிங்கங்கறேன்"ன்னா. "பாப்பா இந்தப் பக்கம் போக வர இருந்தா, ஊட்டுல ஒரு சத்தமாச்சும் இருக்கும்."

பதினாலாவது பேரை அடிச்சேன். மை நல்லா ஊறியிருந்துச்சு, ரெண்டு கோடு போட வேண்டியதாப் போச்சு.

ஜனவரி 12, ஞாயிறு

வெடியால ஆறு மணிக்கு நானே கடப்பாரையை எடுத்தேன். மொதல் அடியிலயே இடுப்பு புடிச்சுக்கிச்சு. கடப்பாரை செவுத்துல நிக்குது, நான் கொக்கியாட்ட வளைஞ்சு நிக்கறேன். அந்தப் பக்கத்துல இருந்து தனேஸ்வர், "அண்ணா, நீங்க நகருங்கோ, நாங்க இந்தப் பக்கமா இடிக்கறமுங்"ன்னான். ஒரு மணி நேரத்துல ஓட்டை விழுந்துருச்சு. எட்டு வருசம் நின்ன செவுரு, ஒரு மணி நேரந்தான்.

கடையில இருந்து நல்ல இரும்புக் கதவாப் பாத்து எடுத்தாந்து வெச்சோம். மொதல்ல நொழைஞ்சது மமதா, இடுப்புல கொடம். என்னைப் பாத்ததும் நின்னுட்டா. "போம்மா, போ"ன்னு சொன்னேன். ரெண்டு நிமிசத்துல தண்ணியோட திரும்பி வந்து, கதவைத் தாண்டறப்ப சிரிச்சா. நான் ஜன்னல் கம்பியைத் தொடைக்கற மாதிரி திரும்பிக்கிட்டேன்.

அந்தப் பாப்பா பதினோரு தடவை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடுச்சு. கலாமணி எண்ணிக்கிட்டிருந்தா.

ஜனவரி 13, திங்கள், போகி

சாயங்காலம் லைன் வீட்டுக்கு நானும் போனேன், நாச்சிமுத்துவும் வந்தான், பூசாரியும் வந்தாரு. ரெண்டு வாசல். எதுல காப்புக் கட்டப் போறானுகன்னு மேல வீதி பாதி, கீழ வீதி முழுசும் வேடிக்கை.

தனேஸ்வர் ரெண்டு வாசல்லயும் கட்டிட்டான்.

"ரெட்டைக் குடியுரிமை!"ன்னு மாப்ளே கத்துனான். பூசாரி தலையைச் சொறிஞ்சாரு. நோட்டுல இதுக்கு விதி இல்ல. அப்புறம் ஒவ்வொருத்தனும் அவனவன் வாயால சொல்லட்டும்னு தீர்ப்பாச்சு.

நாலு பேர் நாச்சிமுத்து தறியில வேலை பாக்கறவனுக. கீழ வீதின்னானுக. எனக்குக் கோவம் வரல, மொதலாளி பக்கத்துல நிக்கறப்ப வேற என்ன சொல்லுவான்? ரெண்டு பேர் பொங்கலுக்கு ஒரிசா போறானுக. தனேஸ்வரும் அவன் மச்சினனுக ரெண்டு பேரும் மேல வீதின்னு சொன்னாங்க.

பதிமூணும் மூணும் பதினாறு. எனக்குக் கணக்கு ரெண்டு தடவை போட்டுப் பாக்கணும்போல இருந்துச்சு. கண்ணுல தண்ணி வந்துருச்சு. போகிப் பொகைன்னு சொல்லிட்டேன்.

ஜனவரி 14, செவ்வாய், பொங்கல்

பானை பொங்கிருச்சு. மேல வீதிப் பானை. தனியா.

ஜனவரி 15, புதன்

கட்டில்ல இருந்து எந்திரிக்க ரெண்டு ஆளு வேண்டியிருந்துச்சு. கலாமணி ஒரு பக்கம், தனேஸ்வர் மறு பக்கம். கயித்துல கடைசி எடத்தைத் தனேஸ்வருக்கு விட்டுக் குடுத்துட்டேன். புது ஆளுகளை முன்னுக்குக் கொண்டு வரணுமல்ல. யாரும் கேக்காமயே பெருந்தன்மையா நானே முடிவு பண்ணுனதுன்னு இங்க எழுதி வெக்கறேன்.

ஜனவரி 16, வியாழன், காணும் பொங்கல்

மேல வீதி: பதினஞ்சு பேர். பூசாரி எண்ணுனாரு, நாச்சிமுத்து எண்ணுனான், நானும் நாற்காலியில உக்காந்துக்கிட்டு எண்ணுனேன். பதினஞ்சுதான்.

மூணு இழுவை. மொத இழுவை, பூசாரி விசிலை வாயில இருந்து எடுக்கறதுக்குள்ள முடிஞ்சு போச்சு. நம்ம ஆளுக மொத்தமா மண்ணுல. காரணம், நாலாவதா நின்ன மாப்ளே, விசில் ஊதறப்ப ஒரு கையில போனைப் புடிச்சு நேரலை பண்ணிக்கிட்டிருந்தான். இருநூத்திப் பன்னெண்டு பேர்ல மூணு பேர் பாத்தாங்களாம்.

ரெண்டாவது இழுவைக்கு முன்னால தனேஸ்வர் எல்லார்த்தையும் கூப்புட்டான். "அவங்கவங்க இஷ்டத்துக்கு இழுக்காதீங்கோ. நான் ஒரு கூப்பாடு போடறேன், அப்ப மட்டும் இழுங்கோ, மத்த நேரம் சும்மா சாஞ்சு நில்லுங்கோ." மூட்டை ஏத்தறப்ப போடற கூப்பாடாம், அவங்க பாசையில. ஒருத்தனுக்கும் அர்த்தம் புரியல, ஆனா இழுக்க வேண்டிய நேரம் மட்டும் நல்லாப் புரிஞ்சுது. அறுவது வயசு ராமசாமியண்ணன் உள்பட பதினஞ்சு பேரும் ஒரே ஆளாட்ட இழுத்தாங்க. கீழ வீதி சரசரன்னு வந்து நம்ம கோட்டுல விழுந்துச்சு. நான் நாற்காலி மேல ஏறி நின்னுட்டேன். எப்படி ஏறுனேன்னு தெரியல. எறங்கத்தான் முடியல.

அந்த நேரம் பாத்து கவின் வீடியோல வந்தான். அங்க வெடியால மூணரை மணி. கண்ணு செவந்து கெடக்குது. தூங்காம முழிச்சிருக்கான், இதைப் பாக்கறதுக்கு.

"அப்பா, கயித்தைக் காட்டுங்க. கடைசியில யாருப்பா நிக்கறது? நீங்க இல்லையா?"

"தனேஸ்வர். நம்ம வீதி ஆளு."

அவன் போன்கிட்ட மூஞ்சியைக் கொண்டாந்து உத்துப் பாத்தான். அப்புறம், "என்ற எடத்துல யாருப்பா?"ன்னு கேட்டான்.

"அவனோட மச்சினன். உன்ற எடம் காலியில்ல சாமி. நீ அங்கயே இரு. மருமவளைப் பாத்துக்க."

இதைச் சொல்றதுக்கு நான் ஒரு மாசமாப் பயந்துக்கிட்டிருந்தேன்னு சொன்னதுக்கப்புறந்தான் எனக்கே தெரிஞ்சுது. கவின் தலையை மட்டும் ஆட்டுனான். அவன் மூக்கை உறிஞ்சுனது போன்ல நல்லாக் கேட்டுச்சு.

மூணாவது இழுவை ரெண்டு நிமிசத்துக்கு மேல போச்சு. ஒரு சாண்ல தோத்தோம். தோத்தா ஒண்ணும் கெட்டுப் போகாதுன்னு மொத நாளே எழுதியிருக்கேன். ஆனாலும் பொய் சொல்லக் கூடாது, வயிறு எரிஞ்சுது.

ஜனவரி 17, வெள்ளி

மத்தியானம் கொல்லைக் கதவு தொறந்துச்சு. பாப்பான்னு நெனச்சேன். நாச்சிமுத்து. லைன் வீட்டு வழியா, புதுக் கதவுல. "சுத்தறது மிச்சமாகுதப்பா"ன்னுட்டு உள்ள வந்து உக்காந்தான். அம்பது வருசத்துல மொதல் தடவையா என்ற ஊட்டுக்குள்ள வந்திருக்கான். எகத்தாளம் பேசத்தான் வந்திருக்கான்னு நானும் நாலு வார்த்தை தயாரா வெச்சிருந்தேன்.

காப்பி வந்துச்சு. டம்ளரை உருட்டிக்கிட்டே இருந்தான்.

"என்ற பெரியவனுக்கு ஜெர்மனிக்கு விசா வந்துருச்சு. சித்திரையில போறான். சின்னவன் அவன் பின்னாலயே போறானாம். தறியை யாரும் ஓட்ட மாட்டானுகளாம்."

"நல்லதுதான? சம்பாரிக்கட்டும்"ன்னேன். எனக்கும் எல்லாரும் இதையேதான் சொன்னாங்க.

"நல்லதுதான்"ன்னான். அப்புறம் தலையைத் தூக்காமயே கேட்டான். "கவின் போன அன்னிக்கு நீ என்னப்பா பண்ணே?"

கீழ வீதித் தலைவர்கிட்ட இதைச் சொல்லணுமான்னு ஒரு நொடி யோசிச்சேன். கலாமணிகிட்டகூட நான் சொன்னதில்ல.

"ஏர்போர்ட்டுல இருந்து நேரா கடைக்குப் போனேன். குடோன்ல லைட்டைப் போடாம மூட்டை மேல உக்காந்திருந்தேன். ஆள் வந்தா எந்திரிச்சு மூட்டையை எண்ணற மாதிரி நடிப்பேன். சாயங்காலம் வரைக்கும்."

நாச்சிமுத்து மேல்துண்டை எடுத்து மூஞ்சியைத் தொடைச்சான். நான் ஜன்னல் பக்கமாத் திரும்பிக்கிட்டேன். அவன் எந்திரிச்சுப் போவான்னு பாத்தேன், போகல. கலாமணி ஒண்ணும் கேக்காம ரெண்டாவது காப்பி கொண்டாந்து வெச்சா, எனக்குச் சக்கரை இல்லாம, அவனுக்குச் சக்கரையோட.